ரூம் என்றால் அறை மட்டும்தானா?

வர்ஜீனியா உல்ஃப் 1929இல் வெளியிட்ட புத்தகத்தை ‘தனக்கென ஓர் அறை’ என்கிற மாதிரிதான் தமிழில் சொல்லிப் பழகியிருக்கிறோம். தப்பில்லை. ஆனால் தலைப்பிலிருக்கும் ‘ரூம்’ என்ற சாதாரணச் சொல்லில் பாதிதான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இடம், வெளி என்றுதான் பொருள். நான்கு சுவர் பிற்பாடு வந்தது. இன்றும் முன்னால் ‘எ’ சேர்த்தால் அறை, சேர்க்காவிட்டால் இடம். பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லவும் ‘ரூம்’தான், தவறுக்கு இடமிருக்கிறது என்று சொல்லவும் ‘ரூம்’தான்.

உல்ஃப் ‘எ’ சேர்த்தே எழுதினார். இலக்கணப்படி அது அறைதான், சரி. ஆனால் அவர் பூட்டுள்ள கதவோடு நிறுத்தவில்லையே! வருடத்துக்கு 500 பவுண்டும் கேட்டார். பூட்டு அறைக்கு. பணம் எதற்கு? யாரிடமும் கைநீட்டாமல், யாருக்கும் பயப்படாமல் யோசிப்பதற்கான இடத்துக்கு. இரண்டு அர்த்தமும் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. நம் ‘அறை’யில் பூட்டு மட்டும்தான் இருக்கிறது.

இந்த வித்தியாசத்தைத் தமிழில் கதையாகவே எழுதியவர் அம்பை. ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யின் பெண்களுக்கு அறை இருக்கிறது. நாள் முழுக்க அதற்குள்தான் இருக்கிறார்கள். தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி அதைக் கொஞ்சம் விரிவாக்கச் சொன்னால், அந்த வீட்டுக்கு அது விசித்திரமாகத் தெரிகிறது. அறை உண்டு, இடம் இல்லை. உல்ஃபுக்கு இதைவிட நல்ல உரை தமிழில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பேச்சுத் தமிழோ ‘ரூமை’ அப்படியே எடுத்துக்கொண்டது. “ரூம் போட்டு யோசிப்பாங்களோ?” என்று கிண்டலடிக்கிறோம். சினிமாக்காரர்கள் கதை பேச நிஜமாகவே ரூம் போடுவார்கள். யோசிக்க ரூம் வேண்டும் என்கிற உல்ஃபின் வாதம்தான் இது, காமெடியாக. “மச்சி, ரூமுக்குப் போறேன்” என்பதும் திருவல்லிக்கேணி மேன்ஷன் பையன்களின் பாஷை. வேலைக்காக ஊர்விட்டு வந்த பெண்ணுக்கு நாம் சுலபமாகச் சொல்லும் சொல் ‘ஹாஸ்டல்’. அதற்கு வார்டன் உண்டு, கேட் மூடும் நேரம் உண்டு.

தலைப்பை மாற்றச் சொல்லவில்லை. ‘அறை’யே இருக்கட்டும். “அவளுக்குத்தான் வீட்ல தனி ரூம் இருக்கே, உட்கார்ந்து எழுத வேண்டியதுதானே” என்று யாராவது சொன்னால் மட்டும், இடம் இருக்கா என்று ஒருமுறை கேளுங்கள்.