அச்சமும் நகையும்: வற்றாப்பளைக் கதையின் ஒரு கட்டம்

அமானுடத்தைப் பொருளாகக் கொண்ட கதைகளுள் கேட்போரை அச்சுறுத்துவன பல. நகைக்க வைப்பனவும் பல. இவ்விரண்டையும் ஒரே கணத்தில் நிகழ்த்துவன மிகச் சில. 1985ஆம் ஆண்டில் இந்தியத் தூரதர்சன் ஒளிபரப்பிய இராமானந்த சாகரின் ‘விக்ரம் அவுர் பேதாள்’ தொடர் பெற்ற வரவேற்புக்கு இக்கலப்பே தலையாய காரணம் எனலாம். அரசன் பிணத்தைச் சுமக்கின்றான். பிணத்தினுள் உறையும் வேதாளமோ கதை சொல்லி அவனைச் சீண்டுகின்றது. வாய் திறந்தால் தோல்வி, விடை தெரிந்தும் வாளாவிருந்தால் தலை வெடிக்கும் என்னும் இக்கட்டு அஞ்சத்தக்கது, நகைக்கவும் தக்கது.

இத்தகைய தொடரொன்று வன்னி மண்ணுக்கும் உரியது. மதுரையை எரியூட்டியபின் ஈழம் வந்த கண்ணகி இடந்தோறும் தங்கிச் சென்றாள் என்பதும், பத்தாவதாகத் தங்கிய இடமே ‘பத்தாம் பளை’ எனப் பெயர்பெற்று வற்றாப்பளை என மருவிற்று என்பதும் மக்கள் மரபு. இத்தொடருள் ஒரு கட்டத்தை மட்டும் கேட்க வாய்ப்புடையார் எதனைக் கேட்டல் வேண்டும் என வினவின், முல்லைத்தீவு மாவட்டத்து நந்திக்கடற் கரையில் நிகழும் இப்பத்தாம் கட்டத்தையே சுட்டுதல் தகும்.

கதை மிகச் சிறிது. நந்திக்கடலோரத்தில் இடைச் சிறுவர் சிலர் மாடு மேய்த்து நிற்கின்றனர். முதியவள் ஒருத்தி வந்து பசி என்கின்றாள். சிறுவர் பொங்கிக் கொடுக்கின்றனர். பொழுது சாய்கின்றது, விளக்கேற்றச் சொல்கின்றாள். எண்ணெய் இல்லை என்பது சிறுவர் விடை. கடல் நீரை அள்ளி வார்த்து ஏற்றுமாறு கூறுகின்றாள், விளக்கு எரிகின்றது. பின்னர்த் தலை கடிக்கின்றது, பேன் பாருங்கள் என்கின்றாள். மயிரை வகிர்ந்து நோக்கிய சிறுவர் தலையெங்கும் கண்களைக் காண்கின்றனர், ஆயிரம் கண்கள். அவர் திகைத்து நிற்கையில் முதியவள் மறைந்துவிடுகின்றாள்.

தொல்காப்பியர் நகைக்குரிய நிலைக்களங்களுள் இளமையையும் பேதைமையையும் வைத்தார். அச்சத்திற்குரியவற்றுள் அணங்கை முதலாக வைத்தார். இக்கதை அவ்விரு மெய்ப்பாடுகளையும் ஒரே தலைமயிருக்குள் பிணைத்துவிடுகின்றது. நீர் ஊற்றிய விளக்கு எரியக் கண்டும் சிறுவர் வியந்து வீழவில்லை. அடுத்த வேலைக்குச் செல்கின்றனர். கேட்போர் அறிந்ததைச் சிறுவர் அறியாதிருத்தலே நகையின் ஊற்று. மதுரையைச் சாம்பராக்கியவளின் தலையில் ஈரும் பேனும் தேடும் விரல்களைக் கண்டு நகைக்கின்றோம். அவ்விரல்கள் கண்ணொன்றைத் தொட நேரும் கணத்தில் நகை அடங்குகின்றது. பார்க்கச் சென்றவர்கள் பார்க்கப்படுகின்றனர். இத்திருப்பத்திற்கு இடியோ மின்னலோ தேவைப்படவில்லை. முற்றத்திலும் திண்ணையிலும் நாள்தோறும் காணும் ஓர் அன்புச் செயலே போதுமானதாயிற்று.

இக்கட்டத்தின் ஆழம் சிலப்பதிகாரத்தோடு வைத்து நோக்குமிடத்து மேலும் விளங்கும். மதுரையில் தீயை ஏவுங்கால் கண்ணகி சிலரை விலக்குமாறு பணித்தாள். பசுக்களும் குழந்தைகளும் முதியோரும் அவ்விலக்கில் அடங்குவர். வற்றாப்பளையில் அவள் தானே முதியவளாகி, பசுக்களோடு நிற்கும் சிறாரிடம் வருகின்றாள். தன் சினம் தீண்டாது விட்டவர்களையே தேடி வந்தாள் போலும். மதுரைப் புறஞ்சேரியில் அவளுக்கு அடைக்கலம் அளித்த மாதரியும் ஆயர்குலத்தவளே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அங்குத் தீ நகரை உண்டது. இங்கு நீரே விளக்கில் நின்று எரிகின்றது. சினம் தணிந்தமையைச் சொல்ல இதனினும் எளிய உருவம் காண்டல் அரிது.

மற்றும் ஒன்று. காப்பியத்திலும் கண்ணகியின் முடிவைக் கண்டோர் அரசரோ புலவரோ அல்லர். வேங்கை மரத்தடியில் அவள் விண்ணேகக் கண்டவர் குன்றக் குறவர். அவர் வாய்மொழியாகவே செய்தி சேரன் செங்குட்டுவனை எட்டிற்று. வன்னிக் கதையில் கண்டோர் மாடு மேய்க்கும் சிறுவர். ஆயின், காப்பியத்துக் குறவர் தொலைவில் நின்று கண்டனர். இச்சிறுவரோ தொட்டுக் கண்டனர். இந்நெருக்கமே நாட்டார் கதையின் தனிப்பேறு.

ஆதலின் இக்கதையைச் சொல்வோர்க்கு ஒரு கடப்பாடு உண்டு. பேன் பார்த்தலை இழிவெனக் கருதிச் சுருக்கினாலோ, சிறுவர் தொடக்கத்திலேயே அம்மனை அறிந்து வணங்கினர் எனத் திருத்தினாலோ, எஞ்சுவது அற்புதம் ஒன்றே, கதை அன்று. நகையை நீக்கின் அச்சமும் உடன் நீங்கும்.

வைகாசிப் பொங்கலின்போது கடல்நீர் எடுத்து விளக்கேற்றும் மரபு இக்கட்டத்தை ஆண்டுதோறும் மீள நிகழ்த்துகின்றது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில், அதே வைகாசிப் பொழுதில், போரின் இறுதி நாள்கள் நந்திக்கடலை அண்டிய நிலத்திலேயே கழிந்தன. இன்று நந்திக்கடல் என்னும் பெயரைக் கேட்பவர் உள்ளத்தில் முதலில் எழுவது துயரமே. அத்துயரத்தை மறைத்தல் கதையின் வேலையன்று. எனினும், அக்கரையில் பசித்து வந்தவளுக்குப் பொங்கிக் கொடுத்த சிறுவரும் இருந்தனர் என்பதை அது நினைவில் நிறுத்துகின்றது. தலையெங்கும் கண்ணுடையாள் ஒருத்தி அந்நிலத்தைப் பார்த்திருக்கின்றாள் என்னும் எண்ணம் முன்னர் அச்சம் தந்தது; இழந்தவர்க்கு இன்று அது கண்டார் ஒருவர் உளர் என்னும் ஆறுதலாகவும் அமையக்கூடும்.

வன்னிச் சிறார்க்கு அவ்வூரின் பெயரைச் சொல்லும் பெரியோர், போரின் கதையோடு இக்கதையையும் சொல்லுதல் வேண்டும்; அதனைப் பேன் பார்க்கும் கட்டத்தோடு முழுமையாகச் சொல்லுதல் வேண்டும். சிறார் முதலில் நகைப்பர், பின்னர் அஞ்சுவர். அவ்வொழுங்கிலேயே அக்கதை வாழும்.