பட்டினப்பாலையில் தொடையும் நிலக்காட்சியும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை 301 அடிகளை உடையது. வஞ்சியடிகள் மிக்கு, ஆசிரியவடிகள் விரவி, ஆசிரியமாய் முடிவது. இதன் நிலவருணனையைப் பேசுவோர் பலர், பொருள்களின் பெயர் நிரலை எடுத்துக்காட்டி, மோனை எதுகைகளைச் செவிக்கினிய அணி என்ற அளவில் கூறி அமைவர். அஃது ஒவ்வாது. காட்சியைப் பகுத்தும் தொகுத்தும் காட்டுவது தொடையே என்பது நம் கருத்து.

16 முதல் 19 வரையுள்ள நான்கடிகளை நோக்குவோம். தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள், மா, பெண்ணை, சேம்பு, இஞ்சி என எட்டுப் பயிர்கள் எட்டுச் சீர்களில் நிற்கின்றன. எட்டும் காய்ச்சீர்கள். ஒவ்வொன்றிலும் முதலசை அடைமொழி. எஞ்சிய ஈரசை பயிரின் பெயர். ஓரடியில் இணையும் இரு பெயர்களுக்கும் தம்முள் மோனை இல்லை. மோனை அடைமொழிகளிலேயே விழுகின்றது. குலை, காய், மணம், இணர் ஆகிய தன்மைகள் ஓசையால் பிணைய, பெயர்கள் தத்தம் வேற்றுமையோடு நிற்கின்றன. ஆகவே நாம் கேட்பது பட்டியல் அன்று. வளமே திரும்பத் திரும்ப ஒலிக்கின்றது. ஈரசைச் சீர் மிகுந்த அகவலில் அடைக்கு ஒரு சீரும் பெயருக்கு ஒரு சீரும் வேண்டியிருக்கும். இந்நெருக்கம் அமைவது அரிது.

இதற்கு முன், கூட்டு நிழலில் எருமைக்கன்று உறங்கும் 14, 15ஆம் அடிகளின் டகர எதுகை, தெங்கினைச் சொல்லும் 16ஆம் அடியிலும் தொடர்கின்றது. கழனியிலிருந்து தோட்டத்திற்குச் செவி தடையின்றிச் செல்கின்றது. அதன்பின் எதுகை நின்று மோனையே ஆள்கின்றது.

முறை பிறழுமிடம் இன்னும் நுட்பமானது. முதல் நான்கடிகளின் இரு சீர்களும் மோனையால் இணைந்துள்ளன. வான் பொய்ப்பினும் காவிரி பொய்யாமையைக் கூறும் ஐந்தாம் அடியில் அம்மோனை இல்லை, எதுகை வருகின்றது, 'பொய்' என்னும் வினையடியும் இரு சீரிலும் மீள்கின்றது. ஒரே சொல்லை வானுக்கு உடன்பாட்டிலும் ஆற்றுக்கு எதிர்மறையிலும் வைத்தமையால், இரண்டன் வேறுபாடும் ஒலியின் ஒருமையிலேயே புலப்படுகின்றது. மலையும் கடலும் கூறும் ஆறாம் அடியில் சீர்களை இணைக்கும் மோனையும் இல்லை, எதுகையும் இல்லை. ஏழாம் அடியில் நீர் வயலிற் பரந்ததும் மோனை மீள்கின்றது. இதனைத் தற்செயல் என்பார்க்கு நாம் உடன்படோம்.

தலைவன் செலவழுங்கும் 218 முதல் 220 வரையுள்ள அடிகள் அகவலில் வருகின்றன. இறுதி மூன்றடியில், திணைக்குரிய பாலைநிலத்திற்கு ஒரு மரமேனும் ஒரு பறவையேனும் சொல்லப்படவில்லை. வேல், கோல் என்னும் எதுகை ஒன்றே கானத்தின் வெம்மையையும் தலைவி தோளின் தண்மையையும் எதிரெதிர் நிறுத்தப் போதுமானதாயிற்று.