திருக்கோளூர்ப் பெண்பிள்ளை ரஹஸ்யம்: ஆகிஞ்சன்யமும் ஞானமும்

நவதிருப்பதிகளுள் ஒன்றான திருக்கோளூர், வைத்தமாநிதிப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திவ்யதேசம், மதுரகவியாழ்வாரின் அவதாரஸ்தலம். வீட்டை விட்டுச் சென்ற தன் மகள் புகுமூர் இதுவே என்று திருத்தாயார் துணிவதாக நம்மாழ்வார் ஆறாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியை அருளிச்செய்தார். அவ்வூரை எம்பெருமானார் அணுகும்போது, ஒரு பெண்பிள்ளை அதை விட்டுப் புறப்பட்டு எதிரே வந்தாள். எல்லாரும் புகும் ஊர் உனக்குப் புறப்படும் ஊராயிற்றோ என்று அவர் வினவியருள, அவள் விண்ணப்பம் செய்த 81 வார்த்தைகளே பெண்பிள்ளை ரஹஸ்யமாக ஸம்ப்ரதாயத்தில் வழங்குகின்றன.

இவ்வார்த்தைகளை நைச்சியாநுஸந்தானம் என்று போற்றுவது வழக்கம். அது தகும், ஆனால் அவ்வளவில் நிற்பது போதாது. ஒவ்வொரு வார்த்தையும் ஒரு பாகவதரின் வாழ்வில் உயிர்நிலையான ஒரு செயலை எடுத்து, அது தன்னிடம் இல்லை என்கிறது. இன்னது இல்லை என்று இத்தனை நுட்பமாகச் சொல்ல வேண்டுமானால், உள்ளவர்களிடம் அது எவ்வாறு இருந்தது என்பதை அறிந்திருக்க வேண்டும். இதிஹாஸ புராணங்களும், ஆழ்வார்கள் ஆசார்யர்களின் சரிதைகளும் அவள் நாவில் தடையின்றி வருகின்றன. ஆகவே அவள் சொல்லும் இல்லாமை அறியாமையன்று. ப்ரபத்திக்கு அதிகாரமாகப் பூர்வாசார்யர்கள் காட்டும் ஆகிஞ்சன்யமே அது.

அவள் எடுத்துக்காட்டும் பெண்களும் தனியே நோக்கத்தக்கவர்கள். பிராட்டி, ஆண்டாள், தேவகி, யசோதை ஆகியோர் வருவது வியப்பன்று. இலங்கையைச் சேர்ந்த த்ரிஜடையும் மண்டோதரியும் வருகிறார்கள். மதுரையில் கண்ணனுக்குச் சந்தனம் அளித்த கூனி வருகிறாள். சபை நடுவே இரு கைகளையும் விட்ட திரௌபதி வருகிறாள். எம்பெருமானாரிடம் உபதேசம் பெற்று, அவர் திருவடிநிலைகளை வேண்டிப் பெற்ற கொங்கிற்பிராட்டியும், நாதமுனிகள் ஆளவந்தார் இடம்பெறும் அதே வரிசையில் இடம்பெறுகிறாள். பிறப்போ நாடோ இங்கே அளவுகோலாகவில்லை. பகவத் பாகவத ஸம்பந்தமே அளவுகோல்.

பிற்கால விளக்கங்கள் பலவும் ஒவ்வொரு வார்த்தைக்கும் உரிய கதையை விரித்துரைக்கின்றன. கற்பவர்க்கு அது பெரும் உபகாரம். எனினும் 81 கதைகளாகப் பிரித்தபின், அவற்றை ஒரே விண்ணப்பமாகக் கோத்தவள் மறைந்துபோகிறாள். ரஹஸ்யம் என்னும் பெயர் திருமந்த்ரம், த்வயம், சரமச்லோகம் ஆகிய மூன்றுக்கும், அவற்றை விவரிக்கும் க்ரந்தங்களுக்கும் உரியது. ஒரு பெண்ணின் வாய்மொழிக்கு அப்பெயரை இட்ட பெரியோர், அதைக் கதைத்தொகுப்பாகக் கருதவில்லை என்பது தெளிவு. ஆயினும் அவளது இயற்பெயர் வழங்கவில்லை. ஊர்ப்பெயரே அவளுக்குப் பெயராயிற்று.

தன் ஊரில் அவதரித்த மதுரகவியாழ்வாரையும் அவள் விடவில்லை. ஆசார்யனையன்றி வேறு தெய்வம் அறியாத அவருடைய நிஷ்டை தனக்கு இல்லை என்கிறாள். அதை அவள் சொன்னது ஆசார்யன் திருமுன்பே. அவர் அவளை ஊருக்குள் மீட்டு அழைத்துச் சென்று, அவள் திருமாளிகையில் அமுது செய்தருளினார் என்பது ஐதிஹ்யம். தன்னிடம் ஒன்றும் இல்லை என்று ஊரை விட்டவளுக்கு, அவ்வில்லாமையே ஆசார்யனை வழியிலேயே பெற்றுத் தந்தது. இதை உணர்ந்து கற்கும்போதே அவ்வார்த்தைகள் ரஹஸ்யமாகின்றன.