சுரங்கப் பாதைக்குச் சொந்தக்காரர் யார்?

பழைய கோட்டையோ கோயிலோ உள்ள நம் ஊர்கள் பலவற்றில் ஒரு சுரங்கப் பாதை பேச்சில் இருக்கும். அது வேறொரு ஊரில் போய்த் திறக்கும். நடுவில் மண் மூடிக் கிடக்கும். உள்ளே போய்ப் பார்த்தவர் யாரும் இப்போது உயிரோடு இருக்கமாட்டார். சேர்வராயன் மலைக்கு இப்படி இரண்டு பேச்சுகள் உண்டு. ஏற்காட்டுக்கு மேலே, சேர்வராயனும் காவேரி அம்மனும் குடிகொண்ட குகைக் கோயில் தலைக்காவேரி வரை உள்ளுக்குள்ளேயே நீள்கிறது என்பது ஒன்று. நார்ட்டன் பங்களா அருகே தனியார் காப்பித் தோட்டத்துக்குள் இருக்கும் கரடிக் குகை, திப்பு சுல்தானின் மறைவிடத்துக்கு வாசல் என்பது மற்றொன்று. இந்தப் பேச்சுகள் ஒரு விளையாட்டுக்கும் பாடம் சொல்லும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கற்பனைப் பாத்திர விளையாட்டில், ஆண்டுக்கணக்கில் இறங்கித் தேடும்படியான பெரிய டன்ஜனை, அதாவது நிலவறைத் தொகுதியை, எப்படி அமைப்பது என்று ஐம்பது ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். அந்த எழுத்தில் பெரும்பகுதி அறைகளைப் பற்றியது. டன்ஜனின் அளவை அறைகள் தீர்மானிப்பதில்லை, எத்தனை வாசல்கள், அந்த வாசல்களுக்கு எத்தனை பேர் உரிமை கோருகிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது என்பது என் வாதம். அதற்குச் சேர்வராயன் மலையே நல்ல சாட்சி.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் டேவ் ஆர்னெசன் 1970களின் தொடக்கத்தில் பிளாக்மூர் என்ற கற்பனைக் கோட்டைக்கு அடியிலும், அவரைத் தொடர்ந்து கேரி கைகாக்ஸ் கிரேஹாக் என்ற கற்பனைக் கோட்டைக்கு அடியிலும் நிலவறைகளை வரைந்து நண்பர்களை இறக்கினார்கள். அதிலிருந்து 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அச்சில் வந்தது. நல்ல டன்ஜனுக்குக் கீழ்நோக்கிப் பன்னிரண்டு தளமாவது வேண்டும், பக்கவாட்டுத் தளங்கள் வேறு, ஆட்டம் நடக்க நடக்கப் புதிது புதிதாகத் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அந்த முதல் நூலின் அறிவுரை. 1960இல் தினத்தந்தியில் தொடங்கிய ‘கன்னித்தீவு’ வாசகர்களுக்கு முடிவில்லாமை புதிதல்ல. ஆனால் அங்கே நாளைக்கு என்ன என்பதை எழுதுபவர் முடிவு செய்கிறார். இங்கே ஆடுபவர்கள் முடிவு செய்கிறார்கள். பரப்பை எவ்வளவு பெருக்கினாலும், எந்தப் பக்கம் திரும்புவது என்று அவர்கள் முடிவெடுக்கக் காரணம் இல்லாவிட்டால், பன்னிரண்டு தளமும் ஒரே நடைக்கூடம்தான்.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஏற்காட்டிலிருந்து தலைக்காவேரி நேர்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அந்த விளையாட்டின் 1981ஆம் ஆண்டுத் தொடக்கநிலை விதிப்படி, கவசமில்லாத ஒருவர் தெரியாத நிலவறையில் பத்து நிமிடத்துக்கு 120 அடி நகரலாம். ஐம்பது நிமிடம் நடந்தால் பத்து நிமிடம் ஓய்வு. ஒரு தீப்பந்தம் ஒரு மணி நேரம் எரியும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பகடை உருட்டி, ஆறில் ஒரு வாய்ப்பில் ஏதாவது ஒரு பிராணி எதிர்ப்படும். அந்தக் குகை வழியாகத் தலைக்காவேரி போய்ச் சேர, தூங்காமல் நடந்தாலே 68 நாள் ஆகும், தீப்பந்தங்கள் 1,640, எதிர்ப்படும் பிராணிகள் எண்ணூறுக்கு மேல். உலகத்திலேயே நீளமான டன்ஜனாக இருக்கலாம், ஆட முடியாது. 1991இல் வந்த ‘ரூயின்ஸ் ஆஃப் அண்டர்மவுண்டன்’ என்ற டன்ஜன் பெட்டியின் குறையும் இதன் உறவுதான். மேசையை மறைக்கும் அளவு வரைபடங்கள் இருந்தன. அறைகளில் பெரும்பாலானவற்றுக்கு விவரம் இல்லை, ஆட்டத்தை நடத்துபவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். பரப்பைக் கொடுத்து, அந்தப் பரப்பில் யாருக்கு என்ன வேலை என்பதைக் கொடுக்காமல் விட்டார்கள்.

ஜெனெல் ஜாக்வேஸ் 1979இல் எழுதிய ‘கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியா’ அளவில் சிறியது, ஆனால் இன்றுவரை பாடநூலாகப் பேசப்படுவது. மேலிருந்து உள்ளே போகப் பல வழிகள். ஒரு தளத்தைத் தாண்டி நேரே அடுத்ததில் இறக்கும் படிகள். சுற்றிச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் வளையங்கள். மாறிமாறி ஆண்ட இனங்களின் எச்சங்கள் அடுக்கடுக்காக. தமிழ் வாசகருக்கு இது அந்நியமாக இருக்கத் தேவையில்லை. 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னில் தஞ்சை நிலவறையை நினைத்துப் பாருங்கள். பழுவேட்டரையருக்கு அது பொக்கிஷசாலை. வந்தியத்தேவனுக்கு ஒளிந்துகொள்ளும் இடமும் தப்பும் வழியும். சதிகாரர்களுக்கு அரசரின் உயிரைத் தேடிச் செல்லும் பாதை, மந்தாகினிக்கு அதே உயிரைக் காக்கச் செல்லும் பாதை. ஒரே இருட்டில் நான்கு நோக்கங்கள் குறுக்கிட்டுக்கொள்கின்றன. நிலவறையில் எத்தனை அறைகள் என்று எந்த வாசகரும் எண்ணியதில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும், யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதும் மட்டும் மறப்பதில்லை.

இனி மலைக்கு வருவோம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை எல்லாருக்கும் தெரியும். குப்பனூர் வழியாக இன்னொரு மலைப்பாதை உண்டு. மழையில் முதல் பாதையில் மண் சரிந்தால் வண்டிகள் அந்த வழியாகத் திருப்பிவிடப்படும். ஆக மலையே ஒரு வளையம். அதன்மேல் குடியேறியிருக்கும் உரிமைகளைப் பாருங்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளில் மூத்தவர் வழி வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). மற்றத் தம்பிகள் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனதாகக் கதை. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலம் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இழந்த திப்பு. பிறகு ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் 1820களில் காப்பியோடு வந்த தோட்டக்காரர்கள். இருபதாம் நூற்றாண்டில் மலைமுடியின் பாக்சைட்டை மேட்டூர் அலுமினிய ஆலைக்காக வெட்டியவர்கள். ஒவ்வொருவருக்கும் மலைக்குள் ஒரு வேலை: வழிபாடு, தப்புதல், பயிர், தாது. இந்த நான்கையும் கற்பனைப் பெயர் மாற்றி ஒரு தாளில் எழுதி, யார் எந்த வாசலைக் காக்கிறார்கள், யாருக்கு எந்த வாசல் தெரியாது என்று குறித்தால், ஒரு அறைகூட வரையாமலே டன்ஜன் பாதி முடிந்துவிடும். திப்பு காலத்துக் காவலர்கள் அடைத்துவிட்டுப் போன வாயைத் தோட்டக்காரர்கள் கிணறு வெட்டும்போது தற்செயலாகத் திறக்கலாம். அந்தச் செய்தி மலையாளிகளை எட்டும்போது இரண்டாவது பருவ ஆட்டம் தொடங்கிவிடும்.

புவியியல் தெரிந்தவர் உடனே மறுப்பார். இந்த மலை சார்னகைட் பாறை; சுண்ணாம்புக்கல்லைப் போல நீரில் கரைந்து நீண்ட குகைகளைத் தருவதில்லை. உருண்ட பாறைகளுக்கு இடையிலும் வெடிப்புகளிலும் சின்னச் சின்னப் பொந்துகள்தான் இருக்கும். பாக்சைட் சுரங்கங்களும் மேலிருந்து வெட்டிய திறந்த குழிகளே. சரியான மறுப்புதான். ஆனால் அது என் வாதத்துக்கே உதவுகிறது. இயற்கை குகை தராத இடத்தில், ஒவ்வொரு வழியையும் யாரோ ஒருவர் ஒரு காரணத்துக்காக வெட்டியிருக்க வேண்டும். காரணமில்லாத அறை இருக்கவே முடியாது. உண்மையான குகைகள் வேண்டுமென்றால், கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்து, அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் நினைவுச் சின்னம் கொண்ட புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டைக் கேட்கலாம். 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டவர். 1884இல் அவரும் மகன் ஹென்றியும் கர்நூல் பகுதியின் பில்லசுர்கம் சுண்ணாம்புக் குகைகளைத் தோண்டினார்கள். அங்கே கீழே போகப் போகக் காலம் பின்னோக்கிப் போயிற்று. விலங்கெலும்புகள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. கதீட்ரல், பர்கேட்டரி என்றெல்லாம் அந்தக் குகைகளுக்குப் பெயர். கீழ்த்தளத்தில் பலசாலி அரக்கர்களை வைப்பது விளையாட்டின் பழைய மரபு. கீழ்த்தளத்தில் பழைய காலத்தை வைப்பது ஃபூட்டின் முறை. எனக்கு இரண்டாவதே பிடிக்கிறது. பயமும் கூடும், கேள்வியும் பிறக்கும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. டன்ஜன் விளையாட்டின் அடிப்படைச் செயல், பிறருடைய இடத்துக்குள் புகுந்து அவர்கள் பொருளை எடுத்து வருவது. ஒவ்வொரு மே மாதமும் மலையாளிகள் திருவிழா எடுக்கும் ஒரு கோயிலை அப்படி ஆட்டப் பொருளாக்கலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். சேர்வராயனின் பெயரை வரைபடத்தில் எழுத வேண்டியதில்லை. வாசல்களுக்கு உரிமைக்காரர்கள் உண்டு என்ற விதி, நாகரிகத்தை ஆட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறது. காவல் உள்ள வாசலில் அனுமதி கேட்கலாம், பேரம் பேசலாம், திருட்டுத்தனமாக நுழைந்து அதன் விளைவை மேலே ஊரில் அனுபவிக்கலாம். 1979இல் ஹாம்லெட் கிராமமாகவும் 1985இல் முழு நூலாகவும் வந்த ‘டெம்பிள் ஆஃப் எலிமெண்டல் ஈவில்’, கீழே நான்கு பூதங்களின் கோஷ்டிகளைச் சண்டையிட வைத்தது. மேலே கிராமத்தில் ஒற்றர்களை வைத்தது. பின்பாதி அலுப்புத் தட்டுகிறது என்பது நியாயமான குறைதான். ஆனாலும் கீழே நடந்தது மேலே கேட்கும் என்ற எண்ணத்தை அது நிலைநாட்டியது.

ஒரே வழியில் போகும் ‘டோம்ப் ஆஃப் ஹாரர்ஸ்’ இன்றும் புகழோடு இருக்கிறதே என்பார்கள். அது 1975இல் ஒரு மாநாட்டுப் போட்டிக்காக எழுதப்பட்டது. திரும்பி வர வேண்டிய தேவையே அதற்கு இல்லை. மாதம் ஒருமுறை கூடும் நண்பர்களுக்குப் பெரிய டன்ஜன் எதற்கு என்ற கேள்விக்கு, பல வாசல்களே பதில்: போன மாதம் வராதவர் இந்த மாதம் வேறு வாசலில் நுழையலாம். இனி ஒரு முடிவை ஆட்டம் தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். தலைக்காவேரிப் பேச்சு உண்மையா? ஆடுபவர்களின் விருப்பம் பார்த்துப் பிறகு தீர்மானிக்கலாம் என்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. அப்படிச் செய்தால் அவர்கள் விசாரித்துத் தெரிந்துகொண்டது எதற்கும் மதிப்பில்லாமல் போகும். நானாக இருந்தால் பாதை பொய், தண்ணீர் உண்மை என்று எழுதுவேன். மனிதர் போகும் வழி முப்பதாவது அடியில் வெடிப்பாகக் குறுகிவிடும். அந்த வெடிப்பிலிருந்து கோடையிலும் வற்றாமல் நீர் கசியும். அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதை ஐந்தாம் தளத்தின் வரைபடத்தில் முதல் நாளே குறித்துவைப்பேன்.