அகத்தியரிடமிருந்து ஒரு சாண்

மார்ச் நடுவில், மாலை மழை கொட்டி ஓய்ந்த ஓர் இரவு பத்து மணி வாக்கில், கோலாலம்பூர் சாலாக் செலாத்தானில் ஓர் அடுக்குமாடியின் மேல்தளத்தில் நின்று சுங்கை பீசி பக்கம் பாருங்கள். தெற்கிலிருந்து சற்று மேற்கே பளிச்சென்று தெரிவது அகத்திய நட்சத்திரம். கையை நீட்டி, அதற்கு இடப்பக்கம் மேல்நோக்கிச் சரிவாக ஒரு சாண் அளந்தால் காமா வெலோரம். அதற்கு மேலே நான்கு விரல் தள்ளி, கொஞ்சம் மங்கலாக நாவோஸ். முதலில் இந்த இரண்டையும் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். அவற்றின் ஒளிதான் நாம் படிக்கப்போகும் கடிதம்; முகம் தெரிந்தவரின் கடிதத்தைப் படிக்கும் சுகமே தனி.

1871 டிசம்பர் சூரிய கிரகணத்துக்காகத் தமிழகம் வந்த இத்தாலிய வானியலர் ரெஸ்பிகி, சென்னையில் இருந்தபோது காமா வெலோரத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். பெரும்பாலான விண்மீன்களில் கருங்கோடுகள் தெரியும். இதிலோ கோடுகள் ஒளிர்ந்தன. நம் மண்ணில் நடந்தது என்பதால் இந்தச் செய்தி எனக்கு மிகவும் நெருக்கமானது.

காமா வெலோரம், நாவோஸ் போன்ற மிகச் சூடான விண்மீன்கள் தங்கள் ஒளியில் பெரும்பங்கைப் புற ஊதாவில்தான் கொட்டுகின்றன. நாவோஸின் மேற்பரப்பு சுமார் 40,000 டிகிரி. அந்த ஒளியை நம் காற்றுமண்டலம் மறித்துவிடுவதால் 1978 முதல் 1996 வரை ஐ.யூ.இ. என்ற புற ஊதா ஆய்வுச் செயற்கைக்கோள் மேலிருந்து பதிவு செய்தது. 2015-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளிலும் புற ஊதாத் தொலைநோக்கி உண்டு.

ஐ.யூ.இ. பதிவு செய்த நிறமாலை வரைபடங்கள் இணையத்தில் இலவசம். நாவோஸுடையதை எடுத்து 155 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம் போங்கள். இடப்பக்கம் ஒரு பள்ளம். அதை ஒட்டி வலப்பக்கம் ஒரு மேடு. மூன்று எலக்ட்ரான்களை இழந்த கரிமத்தின் கைவேலை இது. விண்மீனிலிருந்து நம்மை நோக்கிப் பாயும் வாயு ஒளியை விழுங்குவதால் பள்ளம். சுற்றிலும் பரவிய வாயு ஒளிர்வதால் மேடு. வாயு நம்மை நோக்கி எவ்வளவு வேகமாக வருகிறதோ, அவ்வளவு தூரம் பள்ளம் இடப்பக்கம், அதாவது குறைந்த அலைநீளத்தை நோக்கி, நீளும். அது எவ்வளவு நீள்கிறது என்று அளந்து பாருங்கள். ஏறக்குறைய 1.2 நானோமீட்டர். அதாவது, வினாடிக்கு 2,200 கிலோமீட்டருக்கு மேல் வீசும் காற்று!

அடுத்து காமா வெலோரம். அது 78 நாள் சொச்சத்தில் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை. அதன் வெவ்வேறு தேதி வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். துணை விண்மீன் மற்றதன் காற்றுக்குப் பின்னால் போகும் நாட்களில் பள்ளங்கள் ஆழமாகும்.