இரண்டு கட்டளையில் ஒரு சுற்று

ஏ.இ.எஸ். குறியாக்கத்தில் ரசிக்க இனி என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள், ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸருக்கென்று எழுதியிருக்கும் அசெம்ப்ளியை ஒருமுறை வாசிக்க வேண்டும். பழைய கணக்கைப் புதிய சிப்பில் ஓட வைக்கும் வேலைதான். ஆனால் எவ்வளவு அழகான வேலை!

விடை முன்பே தீர்மானமானது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2001-இல் வெளியிட்ட ஏ.இ.எஸ். நியமத்தின் பின்னிணைப்பில் மாதிரிச் சாவியும், மாதிரித் தகவலும், அவற்றுக்கான விடையும் அச்சாகியிருக்கின்றன. எந்தச் சிப்பாக இருந்தாலும் அந்த 16 பைட்டுகள் அப்படியே வர வேண்டும். எழுதுகிறவருக்கு உள்ள சுதந்திரமெல்லாம் போகும் பாதையில்தான்.

சி மொழியில் எழுதினால் எல்லாச் சிப்பிலும் ஓடுமே, கையால் ஏன் எழுத வேண்டும்? வேகத்துக்காக என்பது பாதி பதில். வேகமான சி நிரல் அட்டவணையைப் பார்த்து பைட்டுகளை மாற்றும். அட்டவணையில் எந்த இடத்தைப் பார்ப்பது என்பதில் ரகசியச் சாவிக்கும் பங்கு உண்டு. அந்த இடம் கேஷ் என்ற வேக நினைவகத்தில் இருந்தால் உடனே கிடைக்கும், இல்லையென்றால் தாமதமாகும். இந்த நேர வித்தியாசத்தை அளந்தே சாவியைப் பிடிக்கலாம் என்று 2005-இல் குறியாக்க ஆய்வாளர் டேனியல் பெர்ன்ஸ்டைன் காட்டினார். விடை சரியாக வரும், சாவியும் கசியும்.

அட்டவணையே வேண்டாம் என்று ஏ.இ.எஸ். கட்டளைகளைச் சிப்புக்குள்ளேயே வைத்தார்கள். அதிலும் ஒவ்வொரு சிப் குடும்பத்துக்கும் ஒரு பழக்கம். ஏ.இ.எஸ். சுற்றுச் சுற்றாக ஓடுவது. இன்டெலின் கட்டளை ஒரு சுற்றின் மற்ற வேலைகளை முடித்துவிட்டுக் கடைசியில் சாவியைக் கலக்கும். ஆர்ம் சிப்பின் கட்டளை சாவியைக் கலந்த பிறகுதான் பைட்டுகளை மாற்றத் தொடங்கும். ஆகவே இன்டெலில் முதல் சாவியையும் ஆர்மில் கடைசிச் சாவியையும் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒன்றுக்கு எழுதியதை வரிக்கு வரி மற்றொன்றில் போட்டால் வருவது குப்பை.

2010-இல் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் சிக்கனக்காரர். அதன் சாதாரணக் கட்டளை இரண்டு ரெஜிஸ்டர்களை வாசிக்கும், ஒன்றில் எழுதும். 16 பைட்டுத் தகவலே இரண்டு 64-பிட் ரெஜிஸ்டர்களை நிரப்பிவிடுகிறது, சாவிக்கு இடமில்லை. அதைத் தனியாகக் கலந்துகொள்ள வேண்டியதுதான். எழுதவும் ஒரே ரெஜிஸ்டர் என்பதால் கிடைப்பது பாதி விடை. மீதிப் பாதிக்கு? அதே கட்டளையை, இரண்டு ரெஜிஸ்டர்களையும் இடம் மாற்றிக் கொடுத்தால் போதும்!

ஏ.இ.எஸ். தகவலை நாலுக்கு நாலு கட்டமாக வைத்து, கிடைவரிசைகளை வட்டமாக நகர்த்துகிறது. இடப்பக்க இரண்டு நெடுவரிசைகளையும் வலப்பக்க இரண்டையும் மாற்றி வைத்தாலும் நகரும் விதி மாறாது. அதனால்தான் ஒரே கட்டளை இரண்டு பாதிக்கும் பொருந்துகிறது. கட்டம் போட்டு வரைந்து பாருங்கள், விளங்கும் கணத்தில் மனம் துள்ளும். 128-பிட் சாவிக்கு 10 சுற்று, இப்படி 20 கட்டளை, கூடவே சாவி கலத்தல்கள். பெரிய 128-பிட் ரெஜிஸ்டர்கள் இல்லாத சின்னச் சிப்பும் இதைச் செய்யும் என்பதால், மூன்றில் எனக்கு இதுவே உயர்ந்தது. ஆர்.எஸ்.ஏ. குறியாக்கத்தை எழுதுகிறவர்கள் ஒப்புக்கொள்ளாமல் போகலாம்: ரிஸ்க்-ஃபைவில் கேரி ஃபிளாக் கிடையாது, பெரிய எண்களைக் கூட்டும்போது மிச்சத்தைக் கைக்கணக்காகத்தான் கொண்டுபோக வேண்டும்.

2021 இறுதியில் இந்த ஏ.இ.எஸ். கட்டளைகள் ரிஸ்க்-ஃபைவ் நியமத்தில் ஏற்கப்பட்டபோது, புழக்கத்தில் இருந்த அசெம்ப்ளர்கள் பலவற்றுக்கு அவற்றின் பெயரே தெரியாது. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் அசெம்ப்ளியை எழுதித் தருவதே ஒரு பெர்ல் நிரல்தான், அங்கு நிரலாளராக இருந்த ஆண்டி போல்யாகோவ் வளர்த்த வழக்கம் அது. அந்தப் பெர்லில் ஒவ்வொரு புதுக் கட்டளைக்கும் 32 பிட்டில் ஒரு வார்ப்பு இருக்கிறது. அதில் மூன்று இடங்களில் ஐந்தைந்து சுழியங்கள் காலியாக நிற்கும். மொத்த ரெஜிஸ்டர்கள் 32 என்பதால் ஐந்து பிட் போதும். ரெஜிஸ்டர் எண்களை முறையே 7, 15, 20 பிட் தள்ளி அங்கே பொருத்தி, முழுவதையும் வெறும் எண்ணாக எழுதிவிடுகிறது. அசெம்ப்ளர் அதை ஏதோ எண் என்று அப்படியே விட்டுவிடும். சிப் அதைக் கட்டளையாக வாசிக்கும்.

சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி ப்ராசஸர்களும் ரிஸ்க்-ஃபைவ் குடும்பம்தான். இந்தக் குடும்பத்தில் எந்தத் துணைக் கட்டளை எந்தச் சிப்பில் இருக்கும் என்பது வடிவமைப்பவரின் தேர்வு. ஆகவே ஓப்பன்எஸ்எஸ்எல் ஓடத் தொடங்கும்போதே சிப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறது. ஏ.இ.எஸ். கட்டளைகள் இருந்தால் இந்த வழி, இல்லையென்றால் பொது வழி.