சக்கரம் வைத்த அறை

முதுகலை மாணவியருக்கு ‘நோமேட்லாண்ட்’ படத்தைத் திரையிட்டுவிட்டு, முதலில் எதைப் பேசப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். தனிமை, விடுதலை, பாலைநிலத்தின் அழகு என்று ஏதாவது வரும் என நினைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “மேடம், அந்தம்மாவுக்கு மாசம் எவ்வளவு வரும்? வேனுக்குப் பெட்ரோல் போட அது காணுமா?” சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படம் வந்த புதிதில் நான் எழுதிய சிறு குறிப்பில் இந்தக் கேள்வி இல்லை. வீட்டை உதறிய பெண், சாலையைத் தேர்ந்துகொண்ட பெண் என்று கொண்டாடித் தீர்த்திருந்தேன். அந்தக் குறிப்பைத் திருத்தி எழுதும் முயற்சி இது.

குளோயி ஜாவ் இயக்கிய இந்தப் படம் 2020இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. 2021இல் சிறந்த படம், இயக்குநர், நடிகை என மூன்று ஆஸ்கர்கள். ஜெசிகா புரூடர் என்ற இதழாளர் 2017இல் வெளியிட்ட அதே பெயருள்ள நூல்தான் இதற்கு மூலம். 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வீடு, வேலை, சேமிப்பு எல்லாம் போய், வேனிலும் ஆர்வி எனப்படும் வீட்டு வண்டியிலும் வாழ்ந்தபடி பருவந்தோறும் வேலை தேடி ஓடும் முதிய அமெரிக்கர்களைப் பற்றிய நூல் அது. கேரவன் என்றால் நமக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் குளுகுளு வண்டிதான் நினைவுக்கு வரும். இங்கே நாம் பார்ப்பது வாடகை கொடுக்க முடியாதவர்களின் வண்டி.

படத்தின் நாயகி ஃபெர்ன் கற்பனைப் பாத்திரம். நெவாடாவின் எம்பயர் என்ற ஜிப்சம் ஆலை ஊர் 2011இல் ஆலையோடு சேர்த்து மூடப்படுகிறது. இது உண்மை நிகழ்வு. கணவனும் இறந்துவிட, அவள் வேனில் கிளம்புகிறாள். அமேசான் கிடங்கில் பொட்டலம் கட்டுகிறாள், முகாம் தளத்தில் கழிவறை கழுவுகிறாள், உணவகத்தில் வேலை செய்கிறாள், சர்க்கரைக் கிழங்கு அறுவடைக்குப் போகிறாள். இவை எல்லாமே படத்தில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் சில நொடிகள்தான். அடுத்த காட்சியில் அந்தி வானம் வந்துவிடும், பியானோ வந்துவிடும். வேலை நிலக்காட்சிக்குள் கரைந்துபோகிறது. கிடங்கு வேலையில் நல்ல காசு என்று ஃபெர்ன் ஓரிடத்தில் சொல்கிறாள். எவ்வளவு என்று சொல்வதில்லை. வேன் பழுதாகி, செலவு 2,000 டாலருக்கு மேல் என்று மெக்கானிக் சொல்லும்போதுதான் அவள் கையில் ஒன்றுமில்லை என்பது தெரிகிறது. செலவுக்கு எண் இருக்கிறது. கூலிக்கு இல்லை.

புரூடரின் நூல் கணக்கு நோட்டைப் பிரித்து வைக்கிறது. அதன் மையத்தில் இருப்பவர் லிண்டா மே. 60 வயதைக் கடந்தவர். இரண்டு பெண்களைத் தனியாக வளர்த்தவர். லாரி ஓட்டியிருக்கிறார், மதுக்கூடத்தில் பரிமாறியிருக்கிறார், கட்டட ஆய்வாளராக இருந்திருக்கிறார், வருமான வரித்துறையில் தொலைபேசிக்குப் பதில் சொல்லியிருக்கிறார். இத்தனைக்கும் பின் அவருக்கு விதிக்கப்பட்ட முதுமைக்கால அரசுத் தொகை மாதம் சுமார் 500 டாலர். மகளின் நெருக்கடியான வீட்டில் சோபாவில் படுத்துக்கொண்டிருந்தவர் சாலைக்கு வந்தது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான்.

அந்த 500 டாலர் எப்படி வந்தது என்பதில்தான் பெண்ணரசியல் இருக்கிறது. அமெரிக்க சமூகப் பாதுகாப்புத் தொகை, ஒருவர் அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளின் ஊதியத்தைச் சராசரி எடுத்துக் கணக்கிடப்படுகிறது. 35 ஆண்டு நிறையவில்லை என்றால் குறையும் ஆண்டுகளுக்குப் பூஜ்யம் போடப்படும். பிள்ளை பெற்று வளர்த்த ஆண்டு, மாமியாரின் படுக்கையைச் சுத்தம் செய்த ஆண்டு, எல்லாம் அந்தக் கணக்கில் பூஜ்யம். மணவிலக்குப் பெற்றவள் முன்னாள் கணவனின் கணக்கை வைத்துத் தொகை கோரலாம். ஆனால் அந்தத் திருமணம் 10 ஆண்டாவது நீடித்திருக்க வேண்டும். ஒன்பது ஆண்டு சமைத்துப் போட்டவளுக்கு ஒன்றும் கிடையாது. 1935இல் இந்தச் சட்டம் வந்தபோது வீட்டு வேலை செய்பவர்களும் பண்ணைக் கூலிகளும் சேர்க்கப்படவே இல்லை. ஆகவே வேனில் வாழும் கிழவியைப் பார்த்து, “இவள் ஏன் சேமிக்கவில்லை?” என்று கேட்பவர்கள், அவளுடைய உழைப்பில் எவ்வளவு உழைப்பாகவே எண்ணப்படவில்லை என்று முதலில் கேட்க வேண்டும்.

சாலைக்கு வந்தபின் வேலை எப்படிக் கிடைக்கிறது? நூல் காட்டும் காலத்தில் அதற்கு ஓர் ஆண்டுச் சுழற்சி இருந்தது. கோடையில் தேசியக் காடுகளின் முகாம் தளங்களில் காவலும் துப்புரவும். இலையுதிர் காலத்தில் மினசோட்டா, வடக்கு டகோட்டா பக்கம் சர்க்கரைக் கிழங்கு அறுவடை. 12 மணி நேர ஷிஃப்ட். அங்கிருந்து கிறிஸ்துமஸ் முடியும்வரை அமேசான் கிடங்குகள். 2008 முதல் அந்த நிறுவனம் ‘கேம்பர்ஃபோர்ஸ்’ என்ற பெயரில் வண்டிவாசிகளைப் பருவக் கூலிகளாக எடுக்கத் தொடங்கியது. ஜனவரியில் அரிசோனாவின் குவார்ட்சைட் பாலையில் ஒதுங்கிக் குளிர் காய்வது. பிறகு மறுபடி கோடை. நம் இலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று சொல்லும். இவர்களுடைய நிலத்தையும் பொழுதையும் தீர்மானிப்பது கூலி.

முகாம் தளத்தில் லிண்டா மேக்குக் கிடைத்தது மணிக்கு 10 டாலருக்கும் குறைவு. கணக்கில் எழுதப்படாத மணிநேரமும் உழைக்கவேண்டி வந்ததாகச் சொன்ன முதிய தம்பதியரையும் புரூடர் சந்திக்கிறார். கிடங்கில் சிமெண்டுத் தரையில் ஒரு நாளைக்கு 15 மைல்வரை நடக்க வேண்டியிருந்தவர்கள் உண்டு. வலி மாத்திரை இலவசமாக வரும் பெட்டிகளைச் சுவரில் பொருத்தியிருந்தார்கள். பொருட்களை ஸ்கேன் செய்யும் கருவியைப் பிடித்துப் பிடித்தே லிண்டா மேயின் மணிக்கட்டு பழுதானது. அரசு உதவி பெறும் ஏழை முதியவர்களை வேலைக்கு எடுத்தால் நிறுவனத்துக்கு வரிச்சலுகையும் இருந்தது. வாடகை வீடு கேட்காத, சங்கம் அமைக்காத, பருவம் முடிந்ததும் தன் வீட்டைத் தானே ஓட்டிக்கொண்டு போய்விடும் தொழிலாளியை மூலதனம் வேறெங்கே கண்டிருக்கும்?

இங்கே ஃபெர்னின் கதையில் நடந்த மாற்றம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படம் அவளுக்கு இரண்டு கதவுகளைத் திறந்து வைக்கிறது. சகோதரி தன் வீட்டில் இருக்கச் சொல்கிறாள். டேவ் என்ற நண்பன் தன் மகன் வீட்டுக்கு வந்துவிடச் சொல்கிறான். இரண்டையும் மறுத்துவிட்டு அவள் சாலைக்குத் திரும்புகிறாள். பெண்ணுக்குத் தரப்படும் அடைக்கலம் எப்போதும் குடும்பத்தின் அடைக்கலம். அதற்கு விலையாகப் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சமையலறையில் நிற்க வேண்டும். அதை மறுத்து ஒருத்தி விடியற்காலையில் கிளம்பிப் போகும்போது என் மனம் கைதட்டியது. இப்போதும் அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தக் கதவுகள் திறந்திருப்பதாலேயே அவளுடைய வறுமை விருப்பத் தேர்வாக மாறிவிடுகிறது. நல்ல மெத்தையை விட்டு வேனுக்கு வந்தவளுடைய கூலியைப் பற்றி யார் கவலைப்படப்போகிறார்கள்? நூலில் லிண்டா மேக்குத் திறந்திருந்தது மகள் வீட்டுச் சோபா மட்டும்.

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட நூலில் எழுத விரும்பும் பெண்ணுக்கு இரண்டு தேவைகளைச் சொன்னார்: தனக்கென ஓர் அறை, ஆண்டுக்கு 500 பவுண்டு. நாம் அறையைப் பிடித்துக்கொண்டோம். கருத்தரங்குத் தலைப்பிலும் கவிதைத் தொகுப்பின் பெயரிலும் அறை வந்துகொண்டே இருக்கிறது. 500 பவுண்டை வசதியாக மறந்துவிட்டோம். ஃபெர்னுக்கு அறை இருக்கிறது. பூட்டிக்கொள்ளலாம், அலமாரி அடித்துக்கொள்ளலாம், தட்டுகளை அடுக்கிவைக்கலாம். அந்த அறைக்குச் சக்கரம் இருப்பதற்குக் காரணம், 500 பவுண்டு ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதுதான்.

படம் தொட்டுமட்டும் செல்லும் ஒன்று நூலில் விரிவாக இருக்கிறது. தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு அது உடனே கண்ணில் பட்டது. இந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் ஆற்றுப்படுத்துகிறார்கள். எந்த மாதத்தில் எங்கே ஆள் எடுக்கிறார்கள், எந்த மேலாளர் கூலியைப் பிடித்துக்கொள்வான், எங்கே இரவில் வண்டியை நிறுத்தினால் காவலர் கதவைத் தட்டமாட்டார் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வேலை செய்துகொண்டே முகாமில் வாழ்பவர்களுக்காக 1987 முதல் ‘ஒர்க்கேம்பர் நியூஸ்’ என்ற இதழே வந்துகொண்டிருந்தது. பரிசில் பெற்று வருபவன் வறுமையோடு எதிர்ப்படுபவனுக்கு வழியும் கொடுப்பவன் பெயரும் சொல்வதுதானே ஆற்றுப்படை? நம் பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் ஐந்து. பொருநனுக்கு உண்டு, பாணனுக்கு உண்டு, கூத்தனுக்கு உண்டு. விறலியை விளித்துப் பாடிய நெடும்பாட்டு அதில் ஒன்றுகூட இல்லை. அவள் உடன் நடக்கிறாள். அவளுடைய கூந்தல் முதல் பாதம் வரை வருணிக்கப்படுகிறது. வழி சொல்லப்படுவது அவனுக்கு. புறநானூற்றில் விறலியாற்றுப்படை என்ற துறையில் அமைந்த சிறு பாடல்கள் மட்டும் அவளை நேராகப் பார்த்துப் பேசுகின்றன. லிண்டா மேயும் அவருடைய தோழிகளும் பேசிக்கொள்வதைப் படிக்கையில், விறலி விறலிக்குச் சொல்லும் ஆற்றுப்படை இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு வேறுபாடு: இங்கே வழியின் முடிவில் புரவலன் இல்லை, கிடங்கு இருக்கிறது.

இந்தச் சாலை எல்லாப் பெண்களுக்கும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தான் சந்தித்த நாடோடிகளில் பெரும்பாலோர் வெள்ளையர் என்பதைப் புரூடரே குறிப்பிடுகிறார். இருட்டில் வண்டிக்குள் உறங்கும் கறுப்பினப் பெண்ணின் கதவைக் காவலர் தட்டினால் நடப்பது வேறு. கறுப்பினப் பயணிகள் எங்கே உண்ணலாம், எங்கே தங்கலாம் என்று ஊர் ஊராகப் பட்டியலிட்ட ‘கிரீன் புக்’ 1936 முதல் ஏறக்குறைய 30 ஆண்டுகள் அச்சாகியது. அதுவும் ஆற்றுப்படைதான், உயிருக்கான ஆற்றுப்படை. படத்தின் அகன்ற சாலையில் இந்த வரலாற்றின் நிழல்கூட விழவில்லை.

படத்தில் லிண்டா மே தாமாகவே தோன்றுகிறார். பழைய டயர்களையும் பாட்டில்களையும் கொண்டு, யாரையும் எதிர்பாராமல் இயங்கும் மண்வீடு ஒன்றைத் தன் கையால் கட்டும் ஆசையைச் சொல்லிவிட்டுக் கதையிலிருந்து விலகிப்போகிறார். நூல் அந்த ஆசையோடுதான் முடிகிறது. அரிசோனாவின் டக்ளஸ் ஊர்ப் பக்கம் பாலையில் அவர் ஐந்து ஏக்கர் வாங்குகிறார். சாலையின் நாயகியாக நாம் கொண்டாடியவருக்கு வேண்டியிருந்தது சாலை இல்லை. யாரும் வெளியேற்ற முடியாத, வாடகை கேட்க முடியாத ஒரு வீடு. அதற்கான பணத்தைத்தான் கழிவறை கழுவியும் பொட்டலம் சுமந்தும் அவர் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வகுப்பில் நூலிலும் படத்திலும் உள்ள கணக்குகளைக் கரும்பலகையில் எழுதினேன். மாதம் 500 டாலர், மணிக்கு 10 டாலருக்கும் குறைவு, வேன் பழுதுக்கு 2,000 டாலருக்கு மேல். கேள்வி கேட்ட மாணவி சிறிது நேரம் பார்த்துவிட்டு, “அப்போ காணாது, மேடம்” என்றாள். என் பழைய குறிப்பில் இருந்திருக்க வேண்டிய வாக்கியம் அது.